நெல் அவித்த தண்ணீர் தெளிந்தால் போதுமா? ஆலைக்காரரும் அயலவரும் அறிய வேண்டிய இரசாயனம்

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு அரிசி ஆலைகளைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் வயலும் ஆலையும் நமது பொருளாதாரத்தின் முதுகெலும்பாக இருக்கின்றன. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விளையும் நெல்லில் கணிசமான பகுதி புழுங்கல் அரிசியாகவே சந்தைக்குப் போகிறது. அதற்காக நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது வெளியேறும் மஞ்சள் நிறத் தண்ணீர் வடிச்சலிலும் தோணாவிலும் கலக்கிறது. அதன் நாற்றத்தால் எழும் முறைப்பாடுகளும் அயலவர் சண்டைகளும் நமக்குப் புதியவை அல்ல.

அண்மைக் காலமாக இந்தப் பிரச்சினைக்கு ஒரு புதிய தீர்வு பேசப்படுகிறது. எனது மாணவன் ஒருவனின் தந்தை சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறார். அவர் ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, "சேர், ஒரு கொம்பனிக்காரர் வந்து காட்டினார். எங்கட ஊறல் தண்ணிய போத்தல்ல எடுத்து, ரெண்டு மருந்து ஊத்தினார். அரை மணித்தியாலத்துல குடிதண்ணி மாதிரித் தெளிஞ்சிட்டு. இதை வாங்கலாமா?" என்று கேட்டார். விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற வகையில் அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதினால் பலருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த மருந்து போலி அல்ல. அது நூறு வருடங்களுக்கு மேல் அறியப்பட்ட நல்ல இரசாயனம். ஆனால் அதை எங்கே, எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கினால் ஆலைக்காரரின் பணமும் போகும், ஊரின் தண்ணீரும் திருந்தாது.

கண்ணுக்குத் தெரியாத நான்காவது அளவு

வுழூச் செய்யும் தண்ணீர் என்றால் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பழகியவர்கள் நாம். அன்றாட வாழ்வுக்கு அது மிகச் சிறந்த அளவுகோல். ஆனால் ஓர் ஆலையின் கழிவு நீரைக் களப்பில் விடலாமா என்று தீர்மானிக்க இன்னோர் அளவும் தேவைப்படுகிறது. அந்த நீர் எவ்வளவு ஒட்சிசனை விழுங்கும் என்பதே அது.

நெல்லை ஊறவைக்கும்போது மாப்பொருள், வெல்லம், சிறிதளவு புரதம், உமியிலிருந்து வரும் பீனோல் வகைப் பொருட்கள் ஆகியவை தண்ணீரில் கரைகின்றன. இவை நுண்ணங்கிகளுக்கு உணவு. அவற்றை உண்ணும் நுண்ணங்கிகள், மீன் சுவாசிக்க வேண்டிய கரைந்த ஒட்சிசனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன. ஒட்சிசன் முடிந்த பிறகு, ஒட்சிசன் இல்லாமல் வாழும் வேறு நுண்ணங்கிகள் பெருகுகின்றன. கூழ்முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டும், புளித்த நாற்றம் தரும் அமிலங்களும் அவற்றின் விளைவு. வடிச்சல் கறுப்பாவதும் அதனால்தான்.

இந்தச் சுமையை அளக்கும் பரிசோதனைக்கு இரசாயன ஒட்சிசன் கேள்வி என்று பெயர். பொதுவாக சி.ஓ.டி. என்பார்கள். கழிவு நீரை வலிமையான அமிலத்தில் இருகுரோமேற்றுடன் சேர்த்து 150 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கி, அதிலுள்ள பொருட்களை ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் தேவைப்பட்டது என்று கணிப்பார்கள். நுண்ணங்கிகளைக் கொண்டு ஐந்து நாட்களில் செய்யும் இன்னொரு பரிசோதனை உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்வி, அதாவது பி.ஓ.டி.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான பொது நியமங்களின்படி, உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவு நீரில் சி.ஓ.டி. லீற்றருக்கு 250 மில்லிகிராமும், பி.ஓ.டி. 30 மில்லிகிராமும் உச்ச அளவுகள். நெல் ஊறிய தண்ணீரின் சி.ஓ.டி. ஆலைக்கு ஆலை மாறும். ஆனால் லீற்றருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் இருப்பது வழமை. கிணற்றுத் தண்ணீரைக் கலந்து இதைக் குறைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 4,000 மில்லிகிராமை 250 ஆக்க 16 மடங்காக ஐதாக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் களப்புக்குப் போகும் மொத்தச் சுமையில் ஒரு கிராமும் குறையாது.

அந்தப் போத்தலில் நடந்தது என்ன?

கொம்பனிக்காரர் ஊற்றியதாகச் சொல்லப்பட்ட இரண்டு பொருட்களும் அநேகமாக பெரசுச் சல்பேற்றும் ஐதரசன் பரவொட்சைட்டுமாக இருக்க வேண்டும். இவற்றின் கூட்டுக்கு பென்ரன் சோதனைப்பொருள் என்று பெயர். கேம்பிரிஜ்ஜில் பணியாற்றிய ஹென்றி பென்ரன் என்ற இரசாயனவியலாளர், புளியில் இருக்கும் தாத்தாரிக் அமிலத்தைச் சிறிதளவு இரும்பு இருக்கும்போது ஐதரசன் பரவொட்சைட்டு வேகமாக ஒட்சியேற்றுகிறது என்பதை 1894 இல் விரிவாக எழுதினார். அதற்குக் காரணம் ஐதரொட்சில் மூலிகம் என்று ஹாபரும் வைஸும் 1934 இல் விளக்கினார்கள்.

இந்த மூலிகம் மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. ஆனால் அருகில் அகப்படும் ஏறத்தாழ எந்தச் சேதனப் பொருளையும் தாக்கி உடைக்கும். ஒட்சியேற்றும் வலிமையை வோல்ற்றில் சொன்னால் குளோரீனுக்கு 1.36, ஓசோனுக்கு 2.07, ஐதரொட்சில் மூலிகத்துக்கு ஏறத்தாழ 2.8. நுண்ணங்கிகளால் எளிதில் உடைக்க முடியாத பீனோல் வளையங்களையும் இது உடைத்துவிடும். அதனால்தான் மஞ்சள் நிறம் அரை மணித்தியாலத்தில் மறைந்தது. அத்தோடு, வேலை முடிந்து சுண்ணாம்பு சேர்த்ததும் இரும்பு ஐதரொட்சைட்டாகத் திரண்டு, மிதக்கும் தூசுகளையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீர் பளிங்குபோல் தெரியும்.

ஏமாற்றம் ஏற்படக்கூடிய இடம் இதுதான். நிறம் தரும் பொருட்கள் தண்ணீரில் கொஞ்சமே இருக்கும். அவற்றின் நிறம் தரும் பகுதி உடைந்த உடனேயே நிறம் போய்விடும். நிறமே இல்லாத வெல்லமும், பீனோல் உடைந்து உருவாகும் அசற்றிக், ஒட்சாலிக் போன்ற சிறு அமிலங்களும் தண்ணீரிலேயே இருக்கும். குறிப்பாக அசற்றிக் அமிலம் இந்த மூலிகத்துக்கும் எளிதில் அசையாது. ஒரு கோப்பை வெந்நீரில் நான்கு கரண்டி சீனியைக் கரைத்தாலும் அது தெளிவாகத்தான் இருக்கும். அதன் சி.ஓ.டி.யை அளந்தால் நெல் ஊறிய தண்ணீரையே மிஞ்சிவிடும்.

மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு

விலைப் பட்டியலைப் பார்க்க முன் ஓர் எளிய கணக்கைச் செய்து பார்க்கலாம். உயர்தர மாணவர்கள் செய்யக்கூடிய கணக்குத்தான்.

ஓர் ஆலை நாளொன்றுக்கு 20 தொன் நெல் அவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.25 லீற்றர் ஊறல் நீர் வெளியேறினால், நாளுக்கு 25,000 லீற்றர். அதன் சி.ஓ.டி. 4,000 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைய சுமை 100 கிலோ. மனிதக் கழிவோடு ஒப்பிட்டால் இது சுமார் 800 பேர் வாழும் ஒரு கிராமத்தின் கழிவு நீருக்குச் சமம்.

இதை 200 மில்லிகிராமுக்குக் கொண்டுவர 95 கிலோ சுமையை அகற்ற வேண்டும். 34 கிராம் ஐதரசன் பரவொட்சைட்டு தரக்கூடிய ஒட்சிசன் 16 கிராம். ஆகவே ஒரு கிலோ சுமைக்கு 2.125 கிலோ பரவொட்சைட்டு வேண்டும். 95 கிலோவுக்கு ஏறத்தாழ 202 கிலோ. சந்தையில் 50 வீதச் செறிவில் வாங்கினால் நாளொன்றுக்கு 404 கிலோ. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 10 தொன். இது ஒரு துளியும் வீணாகாமல் எல்லாம் சரியாகத் தாக்கம் புரிந்தால் வரும் கணக்கு.

இரும்பு வேறு. பரவொட்சைட்டின் பத்தில் ஒரு பங்கு இரும்பு என்று எடுத்தால் 20 கிலோ. அதைத் தர 100 கிலோ பெரசுச் சல்பேற்றுப் பளிங்கு தேவை. இந்தத் தாக்கம் பீ.எச். 3 அளவில்தான் நன்றாக நடக்கும். எனவே முதலில் சல்பூரிக் அமிலம் ஊற்ற வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டு மீட்க வேண்டும். முடிவில் 38 கிலோ இரும்பு ஐதரொட்சைட்டு சேறாக வரும். அது உலர் நிறை. இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்த பிறகும் ஈரத்தோடு 150 கிலோவைத் தாண்டும். அந்தச் சேற்றை நாள்தோறும் எங்கே கொட்டுவது? கொம்பனிக்காரரின் போத்தலில் அது ஒரு சிட்டிகை. ஆலையில் அது வாரத்துக்கு ஒரு தொன்.

முதலில் நுண்ணங்கி, பிறகு மருந்து

நெல் ஊறிய நீரின் சுமையில் பெரும்பகுதி மாப்பொருளும் வெல்லமும்தான். அவை நுண்ணங்கிகள் விரும்பி உண்பவை. நுண்ணங்கி இலவசமாகச் செய்யும் வேலைக்குப் பரவொட்சைட்டை வாங்கி ஊற்றுவது, ஆற்றில் தண்ணீர் இருக்கப் போத்தல் தண்ணீரால் வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது.

ஆகவே முறை இதுதான். முதலில் மூடிய தாங்கியில் காற்றில்லா நுண்ணங்கிகள். இவை அகற்றும் ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் 0.35 கன மீற்றர் வரை மெதேன் வாயு கிடைக்கும். உமி குவிந்து கிடக்கும் ஆலைக்கு அந்த வாயு பெரிய வருமானம் ஆகாது. ஆனால் நாற்றம் மூடிய தாங்கிக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது பெரிய இலாபம். அடுத்து, காற்று ஊதும் தாங்கியில் ஒட்சிசன் விரும்பும் நுண்ணங்கிகள். இரண்டும் சேர்ந்து 90 வீதத்தை அகற்றினால் 4,000 என்பது 400 ஆகிவிடும். எஞ்சும் 400 இல் நுண்ணங்கிக்கு எட்டாத பீனோலும் நிறமும் இருக்கும். அதை 200 ஆக்க அகற்ற வேண்டியது 5 கிலோ மட்டுமே. இப்போது தேவைப்படும் 50 வீதப் பரவொட்சைட்டு நாளுக்கு ஏறத்தாழ 21 கிலோ. முந்திய 404 கிலோவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சேறும் அதே விகிதத்தில் குறையும்.

மலேசியாவின் செம்பனை எண்ணெய் ஆலைகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் கழிவு நீரில் பி.ஓ.டி. லீற்றருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977 இல் அந்நாடு விதிகளைக் கொண்டுவந்து, 1978 இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, படிப்படியாக 1984 இல் 100 மில்லிகிராமுக்கு இறக்கியது. பெரும்பாலான ஆலைகள் அதைச் சாதித்தது வரிசையாக வெட்டிய குளங்களில் வளர்ந்த நுண்ணங்கிகளைக் கொண்டுதான். கடைசியில் எஞ்சும் கபில நிறத்தைப் போக்கவே ஓசோன், பென்ரன் போன்றவை அங்கு ஆராயப்படுகின்றன.

விதிவிலக்கும் உண்டு. ஸ்பெயின், தூனிசியா, மொரோக்கோ போன்ற நாடுகளில் சைத்தூன் எண்ணெய் பிழியும் ஆலைகளின் கழிவு நீர் கறுப்பாக இருக்கும். அதில் பீனோல் மிக அதிகம் என்பதால் அது நுண்ணங்கிகளையே கொன்றுவிடும். அங்கே ஒட்சியேற்றத்தை முன்னால் வைத்து, நச்சை உடைத்து, பிறகு நுண்ணங்கியிடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. நமது நெல் ஊறிய நீர் அந்த வகை அல்ல.

நுண்ணங்கி முறைக்கும் சிரமங்கள் இருக்கின்றன. இடம் வேண்டும். தொடங்கிப் பழக்கப்படச் சில வாரங்கள் எடுக்கும். அறுவடை முடிந்து ஆலை மூடிக் கிடந்தால் நுண்ணங்கிகள் பட்டினி கிடக்கும். மீண்டும் திறக்கும் அன்றே முழுச் சுமையையும் ஊற்றினால் தாங்கி புளித்துவிடும். ஆலைக்காரர்கள் மருந்தை நாடுவதற்கு இவையே காரணம் என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். அதற்கான வழி, முழுவதையும் மருந்திடம் ஒப்படைப்பது அல்ல. ஊறல் நீரைச் சேகரித்துச் சமமாக விடும் ஒரு தாங்கியும், மூடிய காலத்திலும் சிறிது உணவு கொடுக்கும் ஒழுங்கும் பெரும்பாலான சிக்கலைத் தீர்த்துவிடும்.

குளோரீனும் கொண்டிஸும்

செலவு குறைவு என்று சிலர் வடிச்சலில் குளோரீன் தூளைக் கொட்டுகிறார்கள். இது நல்லதல்ல. குளோரீன் நாற்றம் தரும் நுண்ணங்கியைத் தற்காலிகமாகக் கொல்லும், சுமையை அகற்றாது. பீனோலுடன் சேர்ந்து குளோரோபீனோல்களை உண்டாக்கும். மிகச் சொற்ப அளவிலேயே இவை தண்ணீருக்கு மருந்து வாடை தரும். சேதனப் பொருட்களுடன் சேர்ந்து முக்குளோரோ மெதேன் போன்ற, உடலுக்கு ஆகாத பொருட்களையும் உருவாக்கும். கரையோர மணல் நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை. வடிச்சலில் போடுவது கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது.

கொண்டிஸ் என்று பார்மசியில் வாங்கும் பொற்றாசியம் பரமங்கனேற்று ஐதரசன் சல்பைட்டின் நாற்றத்தை நன்றாக நீக்கும். ஆனால் முழுச் சுமைக்கும் அது கட்டுப்படியாகாது. ஓசோன் சேறு எதையும் விடாது. ஆனால் அதை ஆலையிலேயே மின்சாரத்தால் உற்பத்தி செய்ய வேண்டும். நமது மின்கட்டணத்தில் அதைச் சிந்திக்கலாம் என்றால் கடைசிப் படிக்கு மட்டுமே.

தொழிலாளியின் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. 50 வீத ஐதரசன் பரவொட்சைட்டு தோலில் பட்டால் சுடும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். துருவோ அழுக்கோ சேர்ந்தால் பீப்பாய்க்குள்ளேயே பிரிந்து வாயு அடைத்து வெடிக்கக்கூடும். உமியும் சாக்கும் நிறைந்த இடத்தில் அது தீக்கும் துணைபோகும். செருப்பில்லாமல் வேலை செய்யும் ஒருவரின் கையில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைக் கொடுப்பது பெரும் பாவம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எந்தக் கொம்பனி வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் சி.ஓ.டி., பி.ஓ.டி. எவ்வளவு? தெளிந்த போத்தல் விடையாகாது. ஆய்வுகூட அறிக்கை வேண்டும்.

இரண்டு, மாதிரி எடுத்தபோது எஞ்சிய பரவொட்சைட்டு அகற்றப்பட்டதா? அது எஞ்சியிருந்தால் சி.ஓ.டி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், பி.ஓ.டி. பரிசோதனையின் நுண்ணங்கிகளைக் கொன்று, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எஞ்சியது மீனுக்கும் ஆகாது.

மூன்று, நமது ஆலையின் ஒரு நாள் நீருக்கு எத்தனை கிலோ மருந்து, அமிலம், சுண்ணாம்பு?

நான்கு, நாளொன்றுக்கு எத்தனை கிலோ சேறு வரும், அதை யார் எங்கே கொண்டுபோவது?

ஐந்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தில் உங்கள் ஆலைக்கு எழுதப்பட்டிருக்கும் அளவுகளை இது தொடர்ந்து எட்டுமா, அதை எழுத்தில் தருவீர்களா?

எனது மாணவனின் தந்தை இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது கேள்விக்குப் பிறகு அந்தக் கொம்பனிக்காரர் விலையைப் பற்றி மட்டுமே பேசினாராம்.

குறைத்து உண்டாக்குவதே முதல் சுத்திகரிப்பு

மருந்தோ தாங்கியோ வாங்குமுன், செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஊறவைக்குமுன் நெல்லைத் தூற்றித் தூசும் பதரும் நீக்கினால் தண்ணீருக்குள் போகும் அழுக்கு குறையும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் பழைய முறையில் நெல் தாங்கிக்குள்ளேயே புளித்துவிடுகிறது. நாற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. மைசூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவகம் பரப்பிய வெந்நீர் முறையில் 65 முதல் 70 பாகை செல்சியசில் மூன்று நான்கு மணித்தியாலத்தில் ஊறல் முடிந்துவிடும். புளிப்பதற்கு நேரமே இல்லை. அரிசியின் மணமும் நன்றாக இருக்கும். தண்ணீரைச் சூடாக்க உமி ஆலையிலேயே இருக்கிறது. ஊறல் நீரைக் கூரை மழைநீரோடும் கழுவும் நீரோடும் கலக்காமல் தனிக் குழாயில் எடுத்தால், சுத்திகரிக்க வேண்டிய அளவும் குறையும்.

அயலவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலையை மூடு என்று கோஷமிடுவது இலகு. அந்த ஆலையில் உழைப்பவர்களும் நெல் கொடுக்கும் விவசாயிகளும் நமது ஊரவர்களே. முறைப்பாடு செய்யும்போது "நாறுகிறது" என்பதோடு நிறுத்தாமல், ஆலையின் அனுமதிப்பத்திரமும் அண்மைய நீர்ப் பரிசோதனை அறிக்கையும் எங்கே என்று கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையையும் அந்த இலக்கங்களோடு அணுகுங்கள்.

சிறிய ஆலை ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்கி கட்டுவது கடினம் என்பது உண்மை. அடுத்தடுத்து இருக்கும் நான்கைந்து ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தால் இடமும் செலவும் பங்காகும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பயிற்சி பெற்ற இளைஞருக்கு வேலையும் கிடைக்கும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் பிரதேச சபையும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டிய விடயம் இது. அடுத்த போகத்து நெல் ஆலைக்கு வருமுன் அந்தப் பேச்சைத் தொடங்கினால் நல்லது.